அடுத்தவர் மீசையை நேர்ந்துவிட்ட அண்ணாச்சி

சாமிக்கு மொட்டை போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள், அலகு குத்துகிறவர்கள், உருண்டு வருகிறவர்கள் எல்லோரையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அடுத்தவன் தலையை அவனைக் கேட்காமலே சாமிக்கு நேர்ந்துவிட்டு வந்து, 'எப்பலே போய் எறக்கப் போற?' என்று அதட்டுகிற பக்தரை இந்தப் பூமியில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்தான் நேர்த்திக்கடன் அண்ணாச்சி. சொந்தமாக ஒரு பெயரும் அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை.

விருதுநகரில் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் நான் நிருபராகச் சேர்ந்தபோது அவர் அங்கே விளம்பரம் பிடிக்கிறவர். அலுவலகம் மாடியில், கீழே மிளகாய் வத்தல் குடோன். மூட்டை பிரிக்கிற நேரத்தில் மந்திரியிடமே போனில் பேசினாலும் இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் வணக்கம் சொல்ல முடியும். இந்த நெடியில் அண்ணாச்சி ஒருவர் மட்டும் தும்மியதே இல்லை. அதையும் மாரியாத்தாளிடம் சொல்லி வைத்திருந்தாரோ என்னவோ.

கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எதுவானாலும் பந்திக்கு முன்னால் அண்ணாச்சி அங்கே இருப்பார். துட்டி வீட்டுக்கும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் அழுதுவிடுவார். அழுதுகொண்டே, "கண்ணீர் அஞ்சலி கால் பக்கம் போதுமா தாயி, அரைப் பக்கம் போட்டுருவமா?" என்று கேட்பார். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. அழுகை நிஜம் என்று ஊருக்கே தெரியும்.

அவருக்கு உயிர் என்றால் அந்த வேலைதான். கழுத்தில் எப்போதும் அலுவலக அடையாள அட்டை தொங்கும். மகள் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள்: பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அதன்மேல் அட்டை. தாரை வார்க்கும்போது அதுவும் சேர்ந்து நனைந்துவிட்டது. மாப்பிள்ளையைக் காக்க வைத்துவிட்டு முதலில் அட்டையைத்தான் துடைத்தார் என்று அவர் வீட்டு மதனி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அலுவலகத்தில் ஒரு சிக்கல் என்றால் போதும், வெள்ளிக்கிழமை காலையில் சாத்தூர் போய், அங்கிருந்து இருக்கன்குடி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மாரியம்மனிடம் அவர் பேசி முடித்துவிட்டு வந்தால், எங்களில் யாரோ ஒருவர் எதையோ இழக்கப் போகிறோம் என்று அர்த்தம்.

முதலில் போனது எங்கள் சீஃப் ரிப்போர்ட்டரின் மீசை. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டு சிவகாசிப் பக்கம் சீசனே சோர்ந்து கிடந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டால், 'ஆர்டரே இல்ல, விளம்பரம் ஒண்ணுதான் கொறச்சல்' என்று விரட்டினார்கள். அண்ணாச்சி இருக்கன்குடி போய் வந்தார். மறு வாரம் வெயில் அடித்தது. வட நாட்டிலிருந்து லாரிகள் வந்து லோடு ஏற்ற வரிசை கட்டின. மலரில் இடம் போதாமல் கவிதைகளைத் தூக்கிக் கடாசினோம். எல்லோரும் மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி மெல்ல ஆரம்பித்தார்.

"சீஃப், எப்பப் போறீக?"

"எங்கய்யா?"

"இருக்கன்குடிக்கு. உங்க மீசையை நேந்திருக்கேன்ல."

"யோவ், எம் மீசையை நேந்துவிட நீ யாருய்யா?"

"எனக்கு இருந்தா எம் மீசையையே நேந்திருக்க மாட்டனா? மொளைக்கவே மாட்டேங்குதே, என்ன செய்யச் சொல்லுறீக?"

சீஃப் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். அவர் செல்போன் டீக்குள் விழுந்தது. மூன்றாவதாக என்ன விழுமோ என்று பயந்து பஸ் ஏறிவிட்டார். மழுமழுவென்று அவர் திரும்பி வந்த அன்று, ஸ்டேஷனிலிருந்து செய்தி கொடுக்க வந்த ஏட்டு அவரிடமே, "சீஃப் இல்லையா தம்பி?" என்று கேட்டார். பாவம், அந்தத் 'தம்பி'யில் மனிதர் பாதியாகிப் போனார்.

அடுத்தது என் முறை. என் வேலை நிரந்தரமாகாமல் இழுத்தடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். அடுத்த மாதமே உத்தரவு வந்தது. கூடவே தீர்ப்பும் வந்தது: ஆடிக் கடைசி வெள்ளி வரை நான் பரோட்டாவைத் தொடக் கூடாது.

விருதுநகர்க்காரனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? சாயங்காலமானால் தெருவெல்லாம் கல்லில் எண்ணெய் கொதிக்கிறது. முறுமுறுவென்று பொரிந்து வருகிற பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால், அந்த நேரத்தில் எனக்குப் பெற்ற தாய் கூப்பிட்டாலும் காது கேட்காது. திருட்டுத்தனமாகச் சாப்பிடலாம் என்று கடைக்குப் போனேன். மாஸ்டர் கரண்டியைக் காட்டி, "எந்திரிங்க தம்பி. அண்ணாச்சி சொல்லிட்டுப் போயிருக்காக. ஒங்களுக்குப் போட்டா எனக்குல்ல சாமி குத்தம்?" என்றார். ஊரில் இருக்கிற அத்தனை கடைகளிலும் மனிதர் ஏறி இறங்கியிருக்கிறார்!

ஆத்திரத்தோடு வந்து கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒண்ணுமே கிடையாதா? எல்லாம் எங்க தலையிலதானா?"

"எனக்கு மீசையும் இல்ல, சுகர் இருக்கதுனால பரோட்டாவும் இல்ல. பிரியமில்லாததைக் கொண்டு போய் நீட்டுனா ஆத்தா கண்டுபிடிச்சிருவால்ல? எது போனா உசுரே போன மாதிரி இருக்குமோ, அதைக் கொடுத்தாத்தாம்லே அவ காது கொடுத்துக் கேப்பா" என்றார்.

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு பத்திரிகைக்குக் கெட்ட காலம் வந்தது. பக்கங்கள் குறைந்தன. கண்ணீர் அஞ்சலியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு ஜனங்கள் அழுகையை முடித்துக்கொண்டார்கள். எங்கள் போட்டோகிராபரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "நீயே செல்போன்ல எடுத்துக்க" என்று என்னிடம் சொன்னார்கள். பக்கத்து மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த நிருபர், காலையில் செய்தி அனுப்பியவர், மாலையில் மளிகைக் கடைக்கு வேலை கேட்டுப் போனார். கார்த்திகை மாதம் எங்களுக்கும் சேதி வந்தது. சென்னையிலிருந்து எச்.ஆர். அதிகாரி வருகிறார், ஆபீசுக்கு ஒரு ஆள் குறைக்கப் போகிறார்கள்.

மிச்சம் இருந்ததே மூன்று பேர். சீஃப் இல்லாமல் ஆபீஸ் இல்லை. அண்ணாச்சி இல்லாமல் விளம்பரம் இல்லை. கடைசியாக வந்தவன் நான், என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். யார் தலை உருளும் என்று கீழே வத்தல் மூட்டை தூக்குகிறவர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியைக் காணோம். மத்தியானம் வந்து பேசாமல் என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இந்தத் தடவை என்னத்தை நேந்தீக? என் தலைமுடியா?"

"சொன்னாப் பலிக்காதுலே" என்றார். நேர்ந்தது என்னவென்று கேட்டும் அவர் சொல்லாமல் மறைத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு முழுவதும் கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அந்த எச்.ஆர். அதிகாரி வந்தார். பளபளவென்று ஷூ, அடர்த்தியான சுருட்டை முடி, என் வயதுதான் இருக்கும். மாடி ஏறுவதற்குள் நான்கு தும்மல். சீஃபின் அறையில் போய் உட்கார்ந்து என்னை வரச் சொன்னார். நான் எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. எல்லாமே கேட்டது.

"சார், அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்காதீக. எடுக்கவும் முடியாது. ஆத்தாகிட்டப் பேசி முடிச்சாச்சு."

"எந்த ஆத்தா சார்?"

"இருக்கன்குடி மாரியாத்தா. அவன் வேலைக்குப் பதிலா எம் வேலையை நேந்துட்டேன். இனிமே நான் அந்த நாற்காலியில உக்காந்தா சாமி குத்தம்."

உள்ளே இன்னொரு தும்மல் கேட்டது. வெளியே நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

"சார், அப்படியெல்லாம் மாத்த முடியாது. உங்களை எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை" என்றார் அதிகாரி.

"ஒரு ஆளு கொறையணும், அம்புட்டுத்தான? ஒரு ஆளு கொறையுது. எந்த ஆளுன்னு ஆத்தா பாத்துக்கிடுவா, நீங்க ஏன் கவலைப்படுதீக?"

"வேற ஏதாவது செய்யலாமே சார். ஒரு மொட்டை போட்டுக்கங்களேன்."

"ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணைக் கொண்டு போய் நீட்டுறதுக்கு அது என்ன ரேஷன் கடையா? உங்களுக்கும் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணுமில்ல?"

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "அண்ணாச்சி, உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? சார், அவர் சொல்றதைக் கேக்காதீங்க" என்று கத்தினேன்.

"போலே வெளிய. இது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு. பொண்டாட்டியை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னியே, டோக்கன் போட்டியா?" என்றார் அவர். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "அதை விடுங்க சார். உங்க வேலையாச்சும் நெலையா இருக்கா?" என்று கேட்டார்.

அதிகாரி மேஜையைப் பார்த்தார். "மார்ச்சுக்கு மேல தெரியாது சார். என் டிபார்ட்மெண்ட்லயும் குறைக்கிறாங்க."

"அடப் பாவமே!" என்று அண்ணாச்சி உண்மையாகவே பதறினார். பிறகு அவர் கண்கள் மெல்ல மேலே போய் அந்தச் சுருட்டை முடியில் நின்றன. "முடி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அண்ணாச்சி பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவர் கேட்டபடியேதான் நடந்தது. அடையாள அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிச் சென்னையிலிருந்து கேட்டார்கள். "அது ஆத்தாளுக்குச் சேந்தது" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் கோயிலிலிருந்து போன் வந்தது. உண்டியல் திறந்தபோது எங்கள் ஆபீஸ் அட்டை ஒன்று கிடக்கிறதாம், யாராவது தவற விட்டுவிட்டார்களா என்று கேட்டார்கள். போனை எடுத்தவர் சீஃப். "தவறி விழலைங்க. போட்டதுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, இல்லாத மீசையைத் தடவினார். அதற்குப் பிறகு அவர் மீசை வளர்க்கவே இல்லை.

என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எனக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தது. அண்ணாச்சி மட்டும் தினமும் காலையில் தேய்த்த சட்டையோடு குடோனுக்குப் பக்கத்து டீக்கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். வேலை கேட்ட இடத்தில் எல்லாம் வயதைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை கழுத்துக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது.

மார்ச் போனது, அதிகாரியின் வேலை போகவில்லை. சித்திரையில் அவரே எனக்குப் போன் போட்டு, "சார், இருக்கன்குடிக்கு எப்படி வரணும்?" என்று கேட்டார். கூட்டிப் போனேன். ஆற்றங்கரையில் அந்தச் சுருட்டை முடி கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தபோது நான் சந்நிதிக்குப் போனேன். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. அதுவரை எனக்கும் சேர்த்து வேண்டியவர் அண்ணாச்சிதானே? எது போனால் எனக்கு உயிரே போன மாதிரி இருக்கும் என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாயின. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்க, எல்லாக் கடைக்காரர்களையும் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டார் ஒரு காலண்டர் முதலாளிக்கு. அந்த வேலை அண்ணாச்சிக்குக் கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய அன்று அண்ணாச்சி நேராக என் ஆபீசுக்கு வந்தார். கழுத்தில் புது அட்டை, பழையதைவிடப் பெரிசு.

"வாலே, பரோட்டா வாங்கித் தாறேன். இன்னைக்கு ஒருநா நானும் திங்கப் போறேன், சுகராவது ஒண்ணாவது!" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு இலையிலும் பரோட்டாவை வைக்க வந்தார். நான் கையைக் குறுக்கே வைத்தேன்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. வயிறு சரியில்ல."

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளாவே."

அண்ணாச்சி கவலையோடு என்னைப் பார்த்தார். "விடு, வெள்ளிக்கிழமை போய் ஒன் வயித்துக்கு ஒரு நேர்ச்சை போட்டுட்டு வந்துருதேன்" என்றார்.

"ஐயையோ, வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

அவர் சிரித்தபடி பரோட்டாவைப் பிய்த்தார். சால்னா படாமல் அட்டையைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டார். நான் இட்லி சொன்னேன். அப்படி ஒரு ருசியான இட்லியை நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை.