ஆசைக்கு நாற்பது இழை

இனிப்பை அதிகத் தடவை விட்டவர் யார் என்று உலக அளவில் ஒரு போட்டி வைத்தால், கோப்பை நேராக ஆரணிக்கு வந்துவிடும். நான் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் தெருவில், எதிர்ச் சாரியில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார் அந்த மனிதர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு அவர் ‘வைராக்கியம்’. எனக்கு வைராக்கியம் அண்ணன். அவருக்கு நான் லேபம்மா.

வேலை, பாவு புணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஒரு பாவு நெய்து தீரும் சமயத்தில், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு திருகு. அவ்வளவுதான். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. காலையில் உட்கார்ந்தாரென்றால் மதியம் வரை தலை நிமிர மாட்டார். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அடுத்த இழையைத்தான் தேடுவார்.

அப்பேர்ப்பட்டவர் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்ததும், கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. ஆற்காட்டுப் பக்கம் யாராவது போய் வந்தால் பாகில் ஊறிய மக்கன் பேடா. ஒன்றல்ல, பெட்டியாக.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் எச்சரித்ததும் முதல் சபதம் எடுத்தார். சபதம் என்றால் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பட்டினி. காலையில் துவண்டு போய் வந்து நிற்பார். ரிசல்ட் நன்றாக வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய்க் கொண்டாடுவார். இந்த ஏமாற்றுவேலை எனக்குத் தெரிந்ததும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைச் செய்துவிட்டேன். தீபாவளிக்குத் தின்றது வரைக்கும் வெளியே வந்துவிட்டது. அண்ணன் காகிதத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இன்னா லேபம்மா, போன மாசத்து சமாச்சாரத்தல்லாம் கிளறிகினு கீறீங்க” என்று மனம் நொந்துபோய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு மன உறுதியை வளர்க்கப் புறப்பட்டார் பாருங்கள், அதுதான் எங்கள் தெருவுக்கே சினிமா. மன உறுதி என்பது தசை மாதிரி, பயிற்சி கொடுத்தால் முறுக்கேறும் என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டார். உடனே கால் கிலோ மக்கன் பேடா வாங்கி, தட்டில் அடுக்கி, தினமும் காலையில் அதன் எதிரே அரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொடக் கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம். முதல் நாள் ஜெயம். இரண்டாம் நாளும் ஜெயம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், தட்டு பளபளவென்று இருந்தது. எறும்பு வர ஆரம்பித்துவிட்டதாம், பண்டம் பாழாகிவிடுமே என்று அத்தனையையும் அவரே சாப்பிட்டுவிட்டாராம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எறும்புக்காவது உங்களை மாதிரி ஒரு பட்டப்பேர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது பகிரங்க உறுதிமொழி. தெருமுனை டீக்கடைக்காரரிடம் போய், இனி நான் காலில் விழுந்து கேட்டாலும் சர்க்கரை போட்ட டீ தராதே என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். கடைக்காரர் நல்ல மனிதர், சொன்ன சொல் காத்தார். அண்ணன் பக்கத்துக் கடைக்கு மாறினார். அங்கேயும் குற்ற உணர்ச்சி வந்து உறுதிமொழி கொடுத்தார். இப்படியே கடை கடையாகக் கொடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். ஆரணியில் உறுதிமொழி கொடுக்காத கடையே இல்லை என்று ஆனதும், புணைக்கிற வேலை இருக்கிறது என்று பெரணமல்லூருக்குப் பஸ் ஏறினார். அங்கே வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை, மூன்று டீதான் குடித்தார். அந்த மாதம் நடையாக நடந்ததில் அவருக்கு சுகர் கொஞ்சம் குறைந்தது என்பதுதான் எனக்கு வந்த எரிச்சல்.

சிரித்துக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் காலையில் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு முந்தைய வாரம் அவர் புணைத்துக் கொடுத்த பாவைத் தறியில் இழுத்திருக்கிறார்கள். சேர்த்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக விட்டுக்கொண்டதாம். முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததே கிடையாது. தறிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அடுத்த பாவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

“விரல்ல இழ கீதா இல்லியான்னே தெர்ல லேபம்மா. மரத்துப் போய்க்கீது” என்றார்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் உணர்ச்சி திரும்பலாம், இல்லையென்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மனிதருக்கு அந்த இரண்டு விரலை விட்டால் வேறு தொழில் தெரியாது. எனக்கு பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நன்றாகத் திட்டிவிட்டேன். தறியில் நாலு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காருகிறீர்களே, அப்போது மட்டும் டீ ஞாபகம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

“பாவுல கைய வச்சா டீ எப்டிங்க ஞாபகம் வரும்? கைதான் வேல செஞ்சிகினு கீதே” என்றார்.  அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. ரத்தம்கூடக் கொடுக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சட்டைப் பையில் இரண்டு பிடி கழிவு நூல். டீ ஆசை வந்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து புணைக்க ஆரம்பித்துவிடுவார். விரலில் தெரியாவிட்டாலும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருகினார். கணக்கு வேறு வைத்திருந்தார். டீ ஆசைக்கு ஆயுசு நாற்பது இழை, பேடா ஆசைக்கு எழுபது, அதற்கு மேல் எந்த ஆசையும் தாங்காது என்று எனக்கே வகுப்பு எடுத்தார். ரேஷன் கடை வரிசையில் புணைத்தார். பஸ்ஸில் புணைத்தார். சாவு வீட்டில் டீ வந்தபோது ஓரமாக உட்கார்ந்து புணைத்தார், ஏதோ சடங்கு என்று இரண்டு பேர் பக்கத்தில் மரியாதையாக நின்றார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். தசையை முறுக்கி ஜெயிக்க முடியாத மனிதர், ஒரு இழை, அடுத்த இழை என்று ஆசையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்.

மூன்றாம் மாதம் தெருவில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த நாற்காலியில் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் காபி ஆறிப்போய் வந்தது சம்பந்தமாக அவர்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. அவர்களுக்கு நேர் பின்வரிசையில் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் நான். ஜிலேபித் தட்டு எங்கள் வரிசையில் வந்துகொண்டிருந்தது. அண்ணன் பைக்குள் கை விட்டார். புதுச் சட்டை, நூல் இல்லை. அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அப்புறம் தட்டு எங்களைத் தாண்டிப் போனது, அவர் எடுக்கவில்லை. நானும் சந்தோஷமாகத் தாலி கட்டுவதைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

போட்டோவுக்குப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் கூடவே எழுந்தார், விருப்பமில்லாமல், பின்பக்கமாக. நாற்காலிகளின் முதுகில் தொங்கிய இரண்டு முந்தானைகளின் நுனியும், குஞ்சம் கட்டாமல் விட்ட பட்டு இழைகள், ஒன்றோடு ஒன்று அழகாகச் சேர்ந்திருந்தன. எழுபது இழை இருக்கும். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். நான் ஓடிப்போய் நடுவில் பிடித்து இழுத்தேன். மண்டபமே சிரித்தது. அண்ணன் நாற்காலிக்கு அடியில் நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தார்.

இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை சிவந்ததே தவிர, ஒரு இழைகூட விடவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனைத் திரும்பிப் பார்த்து, “விடல அண்ணா” என்றேன். அவர் எழுந்து வந்து, சேர்த்த இடத்தை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். கடைசியில் கத்தரிக்கோல் வாங்கித்தான் சம்பந்திகளைப் பிரித்தோம். அதற்குள் அவர்களே சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் நான் லேபைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். விரல் தானாகச் செய்ததா, தெரிந்து செய்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.  ஆள்காட்டி விரலைப் பிடித்துத் துடைத்து, ஊசியை வைத்துக் குத்தினேன்.

“ஸ்ஸ்... வலிக்குது லேபம்மா” என்றார்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அழவைத்து அனுப்பியிருக்கிறேன். ஊசியைப் பிடித்துக்கொண்டு நானே அழுதது அன்றைக்குத்தான்.