இரண்டு மணிக்கு ஊதிய நாலு மணிச் சங்கு

கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனால் ஊருக்கு எப்போதும் ஆபத்துதான். எழுபதுகளின் கடைசியில், மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அந்தப் பெயர் எனக்கு இருந்தது (ஐ.டி.ஐ. படித்ததற்கே!).

பம்பாயிலிருந்து அத்தான் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் சிவப்பு எண்கள் மினுங்கும். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வர, அந்த எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு தண்ணி வேண்டாம். இதை வைத்தே ஃபேக்டரிச் சங்கை நேரத்துக்கு ஊத வைக்கிறேன் என்று எஸ்டேட் மேனேஜர் துரையிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு மாசம் சரியா ஊதட்டும். உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்றார். தற்காலிகமாக வேலை பார்த்த எனக்கு வேறென்ன வேண்டும்?

போர்டுக்கு ஐந்து வோல்ட் வேண்டும். குறைந்தால் மயங்கிவிடும். மயக்கம் தெளிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, முதல் காரியமாகச் சங்கின் சுவிட்சைப் போட்டுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பக்கத்தில் இருக்கிறதே என்று, இலை உருட்டும் ரோலரின் லைனிலிருந்தே கரண்ட் எடுத்தேன் (கெட்டிக்காரன்!). அப்போது ரோலர் பழுதாகிக் கிடந்தது. சங்கு ஒழுங்காக ஊதியது. நானும் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணி. மலை முழுக்கப் பனி, அடுத்த செடி தெரியவில்லை. மெக்கானிக் ரோலரைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தார். பல்புகள் பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு மங்கின. என் எண்கள் அணைந்து, மறுபடி எரிந்தன. ஊ... என்று வேலை முடியும் சங்கு!

வெயிலடித்திருந்தால் யாராவது அண்ணாந்து சூரியனைப் பார்த்திருப்பார்கள். பனிக்குள்ளிருந்து பெண்கள் கூடையோடு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், கனவில் நடப்பவர்கள் மாதிரி. கொழுந்து பறிக்கும் என் அம்மாவும் வந்தாள்.

"ஏலே, இன்னைக்கு நேரம் போனதே தெரியல. ஒன் சங்கு தங்கமான சங்குலே!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அத்தனை பேரும் திரும்ப மலையேற வேண்டும். மூடிக்கொண்டேன்.

துரை ஜீப்பில் பறந்து வந்தார். "எல்லாருக்கும் அரை நாள் கூலிதான்!"

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "ஊதாம எறங்குனா வையுதீங்க. ஊதி எறங்குனாலும் வையுவீங்களா தொரை?"

எல்லாருக்கும் முழுக்கூலி கிடைத்தது. பெண்கள் சிரித்தபடி வீட்டுக்குப் போனதும், துரை என்னைத் தனியே கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்ப மனசு வரவில்லை (போன வேலை எங்கே ஓடிவிடப் போகிறது?). போர்வையை இழுத்துவிட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்தினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது மதியம் பாயை விரித்தால் உடனே கேள்வி வரும்: "என்ன, சங்கு ஊதிருச்சா?"