கொள்ளுத்தாத்தாவின் குதிரைப்படைத் துப்பாக்கி

கிட்வாய் நகர், புதுதில்லி
13-2-1979

மகா கனம் பொருந்திய மச்சான் மாசிலாமணி அவர்களுக்கு, கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. நானும், என்னிடம் தங்கி வேலை பார்க்கும் தங்கள் குமாரத்தி இந்திராணியும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். தாங்களும் என் தங்கை தாயம்மாளும் கொசுவைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்க நடராஜர் அருள் செய்வாராக.

இந்திராணிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என்னால்தான் என்று நானே சொல்லக்கூடாது, ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பையனின் தகப்பனார் சிவஞானம், ஜனக்புரியில் இருக்கும் ரிட்டயர்டு சுபேதார். பெண் பார்க்க வந்தவர், "எங்க வம்சமே பட்டாளம். உங்க பக்கம் எப்படி?" என்றார். குமாஸ்தா வம்சம் என்றால் காரியம் கெட்டுவிடுமே என்று, நம் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படையில் இருந்ததையும், ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குட்டைத் துப்பாக்கியால், ஓடுகிற குதிரைமேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரே வெடியில் ஏழு பேரைச் சாய்த்ததையும் சொன்னேன். "அது இப்ப இருக்கா?" என்றார். "பூஜையில இருக்கு" என்றேன். "கொண்டாங்க. பார்த்துட்டு மேலே பேசுவோம்" என்று எழுந்துவிட்டார்.

அசல் துப்பாக்கி கொள்ளிடம் வெள்ளத்தில் போனது தங்களுக்குத் தெரிந்திருக்காது. செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புக் கடை ஒன்றில், அதே மாதிரி ஒன்று அகப்பட்டது. துருவைத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். கண்டக்டர், "யே க்யா ஹை, பாய் சாப்?" என்று மூட்டையைக் காட்டி, என்னவென்று கேட்டான். "ஷெனாய்" என்றேன். ஜனக்புரியில் அதைப் பிரித்து, வெடிமருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழாயோடு கீல் வைத்துப் பிணைத்திருப்பதைக் காட்டி, "குதிரை ஓடுறப்ப கம்பி நழுவி விழாம இருக்க எங்க தாத்தா சொன்ன யோசனை, அப்புறம்தான் வெள்ளைக்காரன் எல்லாருக்கும் வச்சான்" என்றேன். சிவஞானம் காதில் வாங்கவில்லை. பிடியின் பித்தளையில் கீறியிருந்த ஒரு சின்ன வேல் உருவத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"இது யார் போட்டது?"

"எங்க தாத்தாதான். முருக பக்தர்."

"எந்தப் படை?"

"உங்க தாத்தா எந்தப் படை?"

"மதராஸ் குதிரைப்படை."

"அதேதான். ரெண்டு பேரும் ஒரே கூடாரமாக்கூட இருந்திருப்பாங்க."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி கொண்டுவந்த அவர் சம்சாரம் ஜெயலட்சுமி அம்மாள், துப்பாக்கியைக் கண்டதும் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "இனி என்னங்க பேச்சு, தட்டை மாத்திடுங்க" என்றார். துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சிவஞானமும் சம்மதித்தார். தாய்மாமன் முறையில் தட்டை நானே மாற்றினேன். நம் குடும்பப் பெருமை அப்படி.

வைகாசியில் முகூர்த்தம். அழைப்பிதழில் கொள்ளுத்தாத்தா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு குதிரைப் படமும் அச்சடிக்கவும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, கேட்காதவர்களுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஜெயலட்சுமி அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். "அண்ணே, அந்தத் துப்பாக்கி எங்க மாமியார் பெட்டியில கிடந்தது. இருந்ததே எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கிறப்ப நான்தான் பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போட்டேன். அவரு தாத்தாவோட வேல் போட்ட துப்பாக்கியைக் கூடாரத்துல கூட இருந்தவனே திருடிட்டான்னு அவங்க வம்சமே நூறு வருஷமா சொல்லிட்டிருக்கு. அந்தத் திருடன் உங்க தாத்தாதான்னு இப்ப முடிவு பண்ணிட்டாரு. திருப்பிக் கொண்டாந்ததால உங்களை மன்னிச்சுட்டாரு. சந்தைன்னு நீங்க வாயைத் திறந்தா எனக்கும் அந்த வீட்டுல இடமில்ல, கல்யாணமும் இல்ல" என்றார். ஆகவே அழைப்பிதழில் கொள்ளுத்தாத்தா பெயர் வேண்டாம், குதிரையும் வேண்டாம். அவர் சிதம்பரத்தைத் தாண்டாமல் மிளகாய் வியாபாரம் செய்தவர் என்பது நமக்குள் இருக்கட்டும். யாராவது கேட்டால், திருடினார் என்றே சொல்லவும்.