ஆகாய வழியில் வந்த தாய்மாமன்

விமானம் எந்த ஊருக்கும் போவதில்லை. ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்குத்தான் போகிறது. இந்தச் சின்ன உண்மை எனக்குப் புரிவதற்கு, ஒரு குழந்தைக்கு மொட்டை போட்டுக் காதும் குத்த வேண்டியிருந்தது.

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாயில்பட்டிக்குப் பக்கத்தில், தங்கை புகுந்த வீட்டாரின் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எங்களுக்கு அப்பா இல்லை. நான் ஒரே அண்ணன். அந்தக் கூட்டத்தில் தங்கைக்கென்று நிற்க வேண்டிய ஆள் நான்தான்.

அப்போது சென்னையில் இருந்தோம். முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் சேர்ந்தே போய்விடலாம் என்றாள் என் மனைவி செல்வி. நான் போனைத் தட்டிக் காட்டினேன். "ஆகாய வழியில நானூத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒரு மணி பத்து நிமிசம். நீ பஸ்ல இடுப்பு ஒடிஞ்சு வர்றதுக்குள்ள நான் அங்கன காபி குடிச்சிருப்பேன்." (அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கம்பெனியில் மற்ற எல்லாரும் ஏறியிருந்தார்கள். அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லியும் காட்டினார்கள்.) சீர்ச் சாமான்களோடு அவள் பஸ் ஏறினாள்.

காலையில் மதுரைக்கு மேலே ஒரே பனிமூட்டம். விமானம் இறங்காமல், நேர்த்திக்கடன் வைத்தவர் பிரகாரம் சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவழியாகச் சக்கரம் தரையைத் தொட்டதும் தங்கைக்குப் போன் போட்டேன். "வந்துட்டேம்மா."

அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மதுரை வந்துவிட்டாலே வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட நினைப்பு. வானத்தை அளந்த நான், மதுரைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் கிடக்கிற ரோட்டை அளக்கவே இல்லை. தங்கையும் என்னை நம்பி, "அண்ணன் வந்துட்டாக" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டார்.

டாக்ஸிக்காரரிடம் காதுகுத்துக்குப் போகிறேன் என்று சொல்லி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"நல்ல நேரம் எப்பண்ணே முடியுது?"

சொன்னேன். அவர் கியரை மாற்றினார்.

விருதுநகரில் "வந்துட்டேன்." ஆமத்தூரில் "வந்துட்டேம்மா." சிவகாசியில் லோடு லாரிகளுக்குப் பின்னால் நின்றபடி, "இந்தா, வந்துட்டேன்." இந்த முறை தங்கைக்கு முன்னால் அவள் மாமனார் குரல்தான் கேட்டது. "ஏம்மா, ஒங்க அண்ணன் இன்னும் ஆகாசத்துலதான் இருக்காகளா?" யார் யாரோ சிரித்தார்கள். தங்கை போனை வைத்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தது போகட்டும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் தனியாக நின்றிருப்பாளே என்றுதான் வலித்தது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் முடியப் போகையில், செல்வி தானாகப் போய் மணையில் உட்கார்ந்தாளாம். தாய்மாமன் மடிதானே முறை என்று யாரோ இழுத்திருக்கிறார்கள். "அவுக வர்றப்ப வரட்டும். சீர் கொண்டு வந்தது நான்தான? பிள்ளையக் குடுங்க" என்றிருக்கிறாள்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை எனக்கு இலை போட்டு, "சாப்பிடுண்ணே" என்றாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், உறவுமுறையைத் தானே தீர்மானித்துவிட்டாள். போன வாரம் போன் செய்தாள்.

"மாமா இருக்காகளா?"

"மாமாதான் பேசுறேன் தாயி."

"நீங்க இல்ல. காது குத்துனப்ப என்னைய மடியில வச்சிருந்தாகள்ல, அந்த மாமா."

நான் போனைச் செல்வியிடம் கொடுத்தேன்.