பேச்சி ஏலத்தில் லேப்டாப் எடுத்த கதை

ஒரு காட்டில், டவர் ஓரளவுக்குக் கிடைக்கிற தெற்கு மூலையில், பேச்சி என்றொரு தவிட்டுக்குருவி இருந்தாள். தவிட்டுக்குருவிகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே! ஒன்று தும்மினால் ஏழெட்டுப் பேர் பறந்து வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். பேச்சிக்கு அப்படி நாற்பத்து மூன்று சொந்தக்காரர்கள், அத்தனை பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்.

இரண்டு வருஷமாக மனுப் போட்டு அலைந்து பேச்சிக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. எந்த மரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று மயிலம்மா ஆபீசுக்குப் பட்டியல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கூட்டில் உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் சொந்த லேப்டாப்பைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மயிலம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பேச்சியிடம் இருந்ததோ எட்டாயிரம் இலுப்பைக்கொட்டை. அந்தக் காட்டில் அதுதான் காசு. கடையில் புதுசு வாங்க அது காணாது. அதனால் ஆன்லைன் ஏலத்தில் பழசு ஒன்று எடுக்கலாம் என்று முடிவு பண்ணினாள்.

விவரம் கேட்க அவள் போனது சங்கிலி அண்ணாச்சியிடம். அண்ணாச்சி ஒரு நரி, ஓடைக்கரையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கதைகளில் நரிகளுக்கு என்ன பேர் என்று தெரிந்தும் போனாளே, அவளைப் பாராட்டத்தான் வேண்டும். அண்ணாச்சி ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கம்பெனி விளம்பரப் படத்தை எடுத்துப் போட்டிருந்தால் நம்பக்கூடாது. ஆன் பண்ணி, திரையில் இன்றைய தேதி தெரிகிற மாதிரி படம் கேட்க வேண்டும். நேற்றுக் கணக்குத் தொடங்கினவன் பக்கமே போகக்கூடாது.

"எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு, பேச்சி. ஏலத்துக்கு வெளிய தனியா எனக்குக் கொட்டைய அனுப்பிருன்னு எவன் சொன்னாலும், அது நானாவே இருந்தாலும், அனுப்பாத."

பேச்சி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

மறுநாளே ஒரு புள்ளிமான் விற்கிற லேப்டாப் கண்ணில் பட்டது. ஐயாயிரத்தில் ஆரம்பம். பேச்சி தேதியோடு படம் கேட்டாள். மான் படம் அனுப்பவில்லை, பாராட்டு அனுப்பியது.

"ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இப்படிக் கேக்கத் தெரியும் மேடம். உங்கள மாதிரி விவரமானவங்ககிட்ட என்னால பொய் சொல்ல முடியுமா?"

பேச்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படத்தை மறந்தே போனாள். ஏலம் முடிந்ததும் கொட்டையைத் தனியாகத் தனக்கே அனுப்பிவிட்டால் கமிஷன் மிச்சம் என்றும் மான் சொன்னது. பேச்சி நோட்டைப் புரட்டினாள், அடிக்கோட்டையும் பார்த்தாள். அண்ணாச்சி சொன்னது ஏமாற்றுக்காரர்களுக்கு, இது மான்தானே என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். படித்த குருவி, என்ன சொல்ல!

சனிக்கிழமை ஏலம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, சந்தோஷம் தாங்காமல் குரூப்பில் லிங்க்கைப் போட்டாள். நான் லேப்டாப் எடுக்கப்போகிறேன், எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதினாள்.

அந்த வீட்டு வழக்கம் என்னவென்றால், குரூப்பில் யார் எதைப் போட்டாலும் எல்லாரும் எதையாவது அமுக்கியாக வேண்டும். முட்டை பொரிந்தாலும் அமுக்க வேண்டும், கூடு சரிந்தாலும் அமுக்க வேண்டும். அமுக்காதவர்களை அடுத்த கல்யாணப் பந்தியில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எல்லாரும் லிங்க்கைத் திறந்தார்கள். பச்சையாக ஒரு பெரிய பட்டன் இருந்தது. பேர் கேட்டது, கூட்டு விலாசம் கேட்டது. நம்ம பிள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டோமா என்று எல்லாம் கொடுத்து அமுக்கினார்கள். ஓர் அமுக்குக்கு ஏல விலை நூறு கொட்டை ஏறியது. விழுந்ததோ என்னமோ என்று பெரியம்மாக்கள் மூன்று தடவை அமுக்கினார்கள். பேச்சி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக் குரூப்பில் போட்டாள். பிள்ளை பதறுகிறாளே என்று இன்னும் வேகமாக அமுக்கினார்கள். எட்டாயிரம் தாண்டியது. எந்த விசேஷத்துக்கும் கடைசியில் வருகிற தங்கப்பழம் சித்தப்பா இதற்கும் கடைசியில் வந்து ஓர் அமுக்கு அமுக்கினார். பதினாலாயிரத்தில் லேப்டாப் அவர் பேரில் முடிந்தது.

பேச்சி அழுத அழுகை ஓடைக்கரை வரைக்கும் கேட்டது. குரூப்பில் ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"என் வேலை போச்சு. எல்லாரும் சேர்ந்து போக்கடிச்சிட்டீங்க."

குரூப்பை விட்டே வெளியேறினாள். அந்த வம்சத்தில் அதுவரை செத்தவர்கள்கூட வெளியேறியதில்லை.

சித்தப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போயிற்று. அவர் வாழ்த்துச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தார். ஆனால் நாற்பது பேர் வாழ்த்திய பிறகு பின்வாங்கினால் மரியாதை என்னாவது? மான் அவரிடமும் கேட்டபடி தனியாகவே கொட்டையை அனுப்பிவிட்டார், வந்ததும் பேச்சிக்கே கொடுத்துவிடலாம் என்று.

ஞாயிறு காலை பார்சல் வந்தது. பேச்சியைக் கையோடு கூட்டிவந்து எல்லார் முன்னாலும் பிரித்தார்கள். சாக்குத்துணிக்குள் அரைச் செங்கல் இருந்தது. மானின் கணக்கைத் தேடினார்கள், அப்படி ஒரு மானே இல்லை.

பேச்சி செங்கல்லைப் பார்த்தாள். தன் எட்டாயிரம் பத்திரமாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. நேரே அண்ணாச்சி கடைக்குப் போய், கண் முன்னால் ஆன் பண்ணிக் காட்டச் சொல்லி, அவர் பழுது பார்த்து வைத்திருந்த ஒரு பழைய லேப்டாப்பை ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தாள். திங்கட்கிழமை அதை மயிலம்மாவிடம் காட்டி வேலையில் சேர்ந்துவிட்டாள்.

சித்தப்பா செங்கல்லைத் தூக்கிப் போடவில்லை. சூளையில் நன்றாக வெந்த கல் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சியைத் திரும்பக் குரூப்பில் சேர்த்து, "நாம மட்டும் இல்லேன்னா பிள்ள ஏமாந்திருப்பா" என்று பெரியம்மா போட்டாள். நாற்பத்து மூன்று பேரும் அமுக்கினார்கள். பேச்சியும் அமுக்கினாள், வேறு வழி?

நீதி: ஆன்லைனில் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் குடும்பக் குரூப்பில் சொல்லிவிடுங்கள், அத்தனை சொந்தக்காரர்களையும் தாண்டி உங்களிடம் வந்து சேர எந்த மோசடிக்காரனாலும் முடியாது.