அம்புஜவல்லி வாய் திறக்கும் இடத்தில் நின்றுபோகிற கம்ப்யூட்டர்

விருத்தாசலம்,
செப்டம்பர் 1999

பிரியமுள்ள மாப்பிள்ளை ராஜமாணிக்கத்துக்கு, உன் அக்கா புருஷன் தெய்வநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும், என்னோடு இருக்க வந்திருக்கும் மகள் துர்காவும் சுகம். நீ மெட்ராஸ் கடையில் உன் கையாலேயே பூட்டி, பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை.

துர்கா கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடித்ததும், அக்கா முகம் அழிந்துவிடக் கூடாது என்று அதைச் சிடியாக மாற்றி, போட்டுப் பார்க்க மிஷினும் கொடுத்தாய். உன் நல்ல மனசில் குறையில்லை. ஆனால் படம் ஓட ஓடத் திக்குகிறது. நாதஸ்வரக்காரர் ஒரே ஊதலைத் திரும்பத் திரும்ப ஊதுகிறார். மருமகன் கை தாலியோடு பாதியில் நின்று நடுங்குகிறது, கட்டினாரா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதையும் பொறுத்துக்கொள்வேன். தாலி கட்டி முடிந்ததும் உன் அக்கா சமையல்கட்டுப் பக்கமிருந்து வருகிறாள், நேராகப் பார்க்கிறாள், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துவிடுகிறது. தும்மப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். அணைத்துவிட்டு முதலிலிருந்து போட்டாலும் அதே இடம்.

அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று கல்யாண அமளியில் இருந்த எனக்கு ஞாபகமில்லை, டெலிபோன் பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டுக் கேட்டேன். “எனக்குத் தெரியாது மாமா. அக்கா மூஞ்சியப் பாக்க முடியாம கடையில வேற ஆள விட்டுத்தான் மாத்தச் சொன்னேன்” என்று அழுதாய். துர்காவைக் கேட்டால், “நானே அழுதுகிட்டு உக்காந்திருந்தேன், அம்மா என்னா சொன்னாங்கன்னு எனக்கு எங்கப்பா தெரியும்” என்கிறாள்.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நடராசனைக் கூட்டிவந்தேன். அவனுடைய மிஷின்களில் சிடி போட இடமே கிடையாது, இருந்தும் தைரியமாக, “வைரஸ் இருக்குதுங்க” என்றான். துர்காவுக்கு ஜலதோஷம், ரெண்டு நாள் அவளை அந்த ரூம் பக்கமே விடவில்லை. பிறகுதான் அது வேற வைரஸ் என்றான். உள்ளேயிருந்து ஒரு பட்டையைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினான். அந்த இடத்தைத் தாண்டிப் படத்தைத் தள்ளி ஓட்டிப் பார்த்தான், மிஷினே மொத்தமாக நின்றது. கடைசியில், பக்கத்தில் பீங்கானுக்குக் களிமண் அரைக்கிற மில் ஓடுவதால் கரண்ட் குறைகிறது என்றான்.

மில்காரர் கருப்பனிடம் போய் நின்றேன். “அம்புஜவல்லியக்கா பேசப்போறாங்கன்னா மில்லு என்னாங்க மில்லு” என்று நிறுத்தியே விட்டார். வேலை செய்கிறவர்களும் கையில் ஒட்டிய மண்ணோடு பின்னாலேயே வந்து ரூமில் நின்றார்கள். ஊதல் திக்கியது, தாலி நடுங்கியது, அவள் வந்தாள், வாயைத் திறந்தாள், நின்றது. யாரும் நகரவில்லை. “நல்லாத்தான் இருக்காங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருப்பன் எல்லாரையும் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் மில் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை, பக்கவாதம் முதலில் அவள் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை உதட்டை அசைப்பாள். தண்ணியா, தலகாணியா, துர்காவக் கூப்டவா என்று கேட்பேன். எல்லாத்துக்கும் இல்லை என்று தலையாட்டுவாள். கடைசி வரைக்கும் நான் கண்டுபிடிக்கவே இல்லை. அதே வாய் இங்கேயும் பாதி திறந்து நிற்கிறது. ஒரு தடவை போனதைத் தினமும் போகக் கொடுக்க என்னால் ஆகாது. ஒரு நல்ல நாள் பார்த்து வந்து இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. சிடியையும் நீயே வைத்துக்கொள்.

உன் பெண்டாட்டி பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும், உன் கடை பெருகட்டும். மனசு நோகாதே.

இப்படிக்கு,
தெய்வநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் படி. உன் பொருளை மண்ணும் தூசியுமாகத் திருப்பித் தரக் கூடாதே என்று மூடியைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி ஃபேன், அதன் றெக்கையில் ஒரு வயர் சிக்கிக் கிடந்தது. பஸ் குலுக்கலில் நழுவியிருக்கும். விலக்கிவிட்டேன். ஃபேன் சுற்றாமல் சூடேறித்தான் படம் நின்றுபோயிருக்கும். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று போட்டேன். ஃபேன் சுற்றியது. மருமகன் தாலி கட்டிவிட்டார். உன் அக்கா வந்தாள், வாயைத் திறந்தாள், பேசினாள்.

“ஏங்க, சித்த நவுருங்களேன். பின்னால எந்தம்பி நிக்கிறான். அவன் மூஞ்சி தெரியட்டும்.”

படத்தில் உன்னை மறைத்துக்கொண்டு நின்ற நான் நகர்கிறேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு நீ நிற்கிறாய். உன்னைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். பெட்டியை எடுத்துப்போக வராதே. வெறுங்கையோடு வா, பார்த்துவிட்டுப் போகலாம்.