தோளை விடாத கை

பாலகாட்,
வெள்ளிக்கிழமை.

பங்காருபேட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி சைலஸ் அவர்களுக்கு, சுந்தரராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் என் வீட்டுக்காரி ஜூடித் நலம், நான் நலம், என் இடது கை நலம். வலது கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஜூடித் ஒட்டுக் கேட்பாள்.

போன வாரம் ஷைலா குழந்தையோடு இங்கே வந்திருந்தபோது, பரண்மேல் இருந்த குக்கரை இறக்கப் போனேன். பாதியில் தோள் செத்துவிட்டது. குக்கர் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. உங்கள் மகளைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், தங்கமான பெண். ஆனால் அவள் குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். "மாமா, டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாதான் ஞாயித்துக்கிழமை பாப்பாவ உங்க கையில குடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைப் பாஸ்டர் கைவரை தூக்கிப் போவது எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்றவர்தான். என் மகன் ஸ்டீவனை என் அப்பா தூக்கினார். பேத்தி பிறந்ததிலிருந்து நான் அந்த நடைக்காகத்தான் காத்திருக்கிறேன் சம்பந்தி.

ஆகவே டாக்டர் பவ்யாவிடம் போனேன். தங்கச் சுரங்கம் ஓடிய மைன் காலத்துப் பழைய பங்களாவில் கிளினிக் வைத்திருக்கும் சின்னப் பெண். "மொதல்ல கையாலயே டெஸ்ட் மாடோணா அங்கிள், ஸ்கேன் அப்புறம்" என்றாள், பாதி கன்னடத்தில். பின்பக்கமாகக் கையை விட்டு முதுகைச் சொறியச் சொன்னாள். பாதி முதுகுதான் எட்டியது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, டம்ளர் தண்ணீரைக் கவிழ்க்கிற மாதிரி கட்டைவிரலைக் கீழே திருப்பச் சொல்லி மேலிருந்து அழுத்தினாள். வலது கை அப்படியே தாழ்ந்துபோனது. கடைசியாகக் கையைப் பக்கவாட்டில் தூக்கிவிட்டு, "மெதுவா எறக்குங்க" என்றாள். மெதுவாவது ஒன்றாவது. பொத்தென்று மேசைமேல் விழுந்து அவள் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது. "உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கும் போல அங்கிள்" என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னலையெல்லாம் பலகை வைத்து அடைத்த பங்களா, நடையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் இருட்டில் முட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். உங்களுக்கு ரயில்வே வேலை, எங்கள் வழக்கம் தெரியாது. சுரங்கத்துக்கு அடியில் லெவலில் லாம்ப் அணைந்தால் முன்னால் நிற்கிற மேஸ்திரி "கை வை, வா" என்பார். ஆளுக்கு ஆள் முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து நடப்போம். வெளிச்சத்துக்கு வந்ததும் மேஸ்திரியே "கையை எடு" என்று சொல்ல வேண்டும், அதுவரை எவனும் எடுக்கமாட்டான். பழக்க தோஷம், நான் "கை வை, வாங்க" என்று சத்தம் கொடுத்து எல்லாரையும் வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். வெளிச்சம் பார்த்ததும் அவரவர் கையை அவரவரே எடுத்துக்கொண்டார்கள், நானும் சொல்ல மறந்தேன். ஆனால் என் வலது தோளில் இருந்த கை போகவில்லை. எனக்குப் பின்னால் வந்தது மருந்து வாங்க வந்திருந்த கங்கம்மா, கையை எடும்மா என்று சொல்லத் திரும்பினால், அந்த அம்மா எப்போதோ கேட் பக்கம் போய் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒருத்தரும் இல்லை. பெரிய உள்ளங்கை, சில்லென்று ஈரம். கட்டைவிரல் மட்டும் கழுத்தோரம் தட்டிக்கொண்டே இருந்தது. அப்படித் தட்டுகிற ஆள் ஒருத்தர்தான், எப்போதும் எனக்குப் பின்னால் நடந்த ராஜப்பா. மைனை மூடுவதற்கு ரொம்ப முன்னாலேயே பாறை சரிந்து கீழேயே தங்கிவிட்டவர்.

கரண்ட் வந்தது. டாக்டர் மறுபடி கையைத் தூக்கிவிட்டாள். நின்றது. இறக்கச் சொன்னாள், யாரோ பிடித்து இறக்குகிற மாதிரி பதமாக இறங்கியது. டம்ளர் டெஸ்டில் இரண்டு கையாலும் தொங்கினாள், அசையவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, "நான் அழுத்துறேன், தள்ளுங்க" என்றாள். "தள்றேம்மா, இன்னா இப்டி அழுத்துற" என்றேன். "நான் இன்னும் தொடவே இல்ல அங்கிள்" என்று ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு தோள் நன்றாக இருக்கிறது என்று அவசரமாக எழுதிக் கொடுத்து, சட்டை ஏன் ஈரம் என்று கேட்டாள். வேர்வை என்றேன். வேர்வை சாம்பல் நிறத்தில் வராது என்று அவளுக்கும் தெரியும். ஜூடித் இரண்டு தடவை சோப்புப் போட்டாள், அந்தச் சுரங்கச் சேறு மறுபடி மறுபடி வருது சம்பந்தி, இன்னா பண்றது.

ஆக, சீட்டு பையில் இருக்கிறது, எனக்குத்தான் தைரியம் இல்லை. இதைப் பின்னால் வைத்துக்கொண்டு பச்சைக் குழந்தையை எப்படித் தூக்குவேன்? பயமாக இருக்கிறது. தயவுசெய்து என் இடத்தில் நீங்களே பேத்தியைத் தூக்குங்கள். நான் வரவில்லை. ஷைலாவிடம் கைவலி என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் சமாதானமும், அடுப்பில் எப்போதும் பாலும் பொங்கி இருக்கும்படி வேண்டிக்கொண்டு,

அன்புள்ள சம்பந்தி,
சுந்தரராஜ்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று, "வெளிச்சம் வந்தாச்சு ராஜப்பா, கையை எடு" என்றேன். பாவம், உடனே எடுத்துவிட்டார். அந்த நிமிஷமே என் கை பொத்தென்று விழுந்தது. டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. ஜவ்வு கிழிந்தது கிழிந்ததுதான், இத்தனை நாளும் அவர்தான் தாங்கியிருக்கிறார். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, "கை வை, வா" என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, அழுதேவிட்டேன். அப்புறம் கழுத்தோரம் கட்டைவிரல் தட்டியது. ஆகையால் மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நான் வருகிறேன், குழந்தையை நான்தான் தூக்குவேன். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். ஃபோட்டோவில் என் தோள்மேல் யார் கை என்று யாராவது கேட்டால், கூட வேலை செய்தவர் என்று சொல்லுங்கள்.